விரலுக்கேற்ற வீக்கமும் உடலுக்கேற்ற உந்துருளியும்

புகலிட வாழ்வில் எமது குடும்பங்கள் எடுக்கும் முடிவுகளுட் சில, பார்வைக்குச் சிறியனவாகத் தோன்றினும் விளைவிற் பெரியனவாக அமைந்துவிடுகின்றன. உந்துருளி ஒன்றை வாங்குவது அத்தகைய முடிவுகளுள் ஒன்றாகும். வதிவிட அட்டை, வீட்டு விண்ணப்பம், பிள்ளைகளின் கல்வி என்று பேசவேண்டிய விடயங்கள் மலையெனக் குவிந்து கிடக்கையில், மோட்டார் சைக்கிளைப் பற்றியும் ஒரு கட்டுரையா என வாசகர் சிலர் வினவக்கூடும். வீட்டின் உழைப்பாளி நள்ளிரவு கடந்த பின்னர் எதன்மீது ஏறி வீடு திரும்புகின்றார் என்பது அக்குடும்பம் முழுவதையும் சார்ந்த விடயம் என்பதே அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி.

லெ பிளாங்-மெனிலில் வாழும் எம்மவரை எடுத்துக்கொள்வோம். லாசப்பலுக்கும் லெ பிளாங்-மெனிலுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீற்றர் மட்டுமே. பகற்பொழுதில் கார் டு நோர் நிலையத்திலிருந்து ஆர்.ஈ.ஆர். பி தொடருந்தில் ஏறினால் லா கூர்நேவ், லெ பூர்ஜே, டிரான்சி ஆகிய நிலையங்களைக் கடந்து கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய பொழுதில் ஊர்போய்ச் சேரலாம். ஆனால், பாரிஸ் உணவகங்களின் சமையற்கட்டுகளில் நிற்கும் எம்மவருக்கு வேலை முடிவது தொடருந்தின் நேர அட்டவணைப்படி அன்று. இறுதி வாடிக்கையாளர் எழுந்து, இறுதிச் சட்டி கழுவி, நிலம் துடைத்து வெளியேறும்போது இறுதித் தொடருந்து போய்விடுகின்றது. தண்டவாளத் திருத்த வேலைகள் நடைபெறும் நாட்களில் அது இன்னும் முன்னதாகவே நின்றுவிடுகின்றது. எஞ்சியிருப்பது இரவுப் பேருந்தும் அதற்கான காத்திருப்புமே. அதிகாலையில் துப்புரவுப் பணிக்குச் செல்வோரின் நிலையும் இதுவே. எதிர்காலத்தில் 16ஆம் இலக்க மெற்றோ லெ பிளாங்-மெனிலுக்கு வரவிருக்கின்றதெனினும், மெற்றோவும் இரவில் உறங்கும் ஒன்றே. ஆகவே, எம்மவர் இருசில்லு வாகனத்தை நாடுவதில் வியப்பேதும் இல்லை. எதனை நாடுகின்றனர் என்பதே கேள்வி.

உந்துருளி எமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஹொண்டா சி.90, எம்.டி.90, சி.டி.125 ஆகியன ஓடிய காலத்தை எமது தலைமுறை நன்கறியும். 1990இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையால் பெற்றோல் அற்றுப்போனபோது, சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய மக்கள் நாம். பெற்றோல் தாங்கியின்மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் துணைவியார், அவர் மடியில் அரிசிப் பை என ஒரு குடும்பமே ஒரு வண்டியிற் சென்றதும் உண்டு. அது வறுமையும் போரும் கற்பித்த திறமை. அத்திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் மாட்டு வண்டிக்கும் மிதிவண்டிக்கும் இடையே கற்ற பழக்கம், நூற்றுப்பத்துக் கிலோமீற்றர் வேகத்திற் கார்கள் பறக்கும் வீதிக்குப் போதுமானதன்று. ஊரில் வண்டி எம்மைத் தேர்ந்தெடுத்தது, கிடைத்ததை ஓட்டினோம். இங்கு நாமே வண்டியைத் தேர்ந்தெடுக்கின்றோம். தேர்வு என்று வந்துவிட்டால் அறிவும் வேண்டும்.

எம்மவரின் தேர்வுகள் பெரும்பாலும் இரண்டு எதிர்முனைகளிற் போய் நிற்பதைக் காண்கின்றோம். ஒன்று, மலிவை மட்டும் கருதி வாங்கப்படும் மிகச் சிறிய வண்டி. மற்றையது, கண்ணைக் கவரும் பந்தய வடிவிலான பெரிய வண்டி. முன்னதை அநேகமாகக் குடும்பத் தலைவர்கள் வாங்குகின்றனர். பின்னதை இளைஞர்கள் கேட்கின்றனர்.

சிறிய வண்டியின் குறை அதன் வலுவிலே உள்ளது. 50 கன சென்ரிமீற்றர் வண்டியின் வேகம் சட்டப்படி 45 கிலோமீற்றருக்குக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அதனை அதிவேக நெடுஞ்சாலைக்குக் கொண்டுசெல்லவே முடியாது. 125 வண்டியை அங்கு ஓட்டச் சட்டம் இடமளிக்கின்றது; ஆயினும், விமான நிலையத்திலிருந்து பாய்ந்துவரும் வாகனங்களுக்கு நடுவே ஏ-1 நெடுஞ்சாலையில் அதன் வலுவெல்லாம் ஏற்கெனவே செலவாகியிருக்கும். ஆபத்து நேரத்தில் விலகிச் செல்ல மேலதிக வலு அதனிடம் இராது. எனினும், லா வில்லெத் வாயிலிலிருந்து லா கூர்நேவ், லெ பூர்ஜே ஊடாகச் செல்லும் பழைய இரண்டாம் இலக்கத் தேசிய வீதியை மட்டுமே பாவிப்பவருக்கு 125 போதுமானது. அவர் அதற்குமேற் செலவிடத் தேவையில்லை.

பந்தய வடிவ வண்டியின் குறை வேறு வகையானது. அதில் அமர்பவர் முன்னே குனிந்து, உடற்பாரத்தின் ஒரு பகுதியை இரு மணிக்கட்டுகளாலும் தாங்கி, கழுத்தை நிமிர்த்தி வீதியைப் பார்க்கவேண்டும். பந்தயத் திடலில் அரை மணி நேரம் ஓட்டுபவருக்கு அது பொருந்தும். ஆனால் எம்மவர் யார்? பத்து மணி நேரம் நின்ற கால்கள். வெங்காயம் அரிந்தும் தட்டுக் கழுவியும் தளர்ந்த மணிக்கட்டுகள். மூட்டை தூக்கி நொந்த இடுப்பு. அந்த உடலே இரவு ஒரு மணிக்கு வண்டியில் ஏறுகின்றது. களைத்த உடலை மேலும் வருத்தும் வண்டி, அவ்வுடலின் கவனத்தையும் களவாடிவிடுகின்றது. ஆகவேதான், எம்மவரைப் பொறுத்தவரை வசதி என்பது ஆடம்பரமன்று, அதுவே பாதுகாப்பு என்று நாம் வலியுறுத்துகின்றோம்.

இவ்விரு முனைகளுக்கும் இடையே நிற்பதுதான் நிமிர்ந்து அமரக்கூடிய நடுத்தர உந்துருளி. முந்நூறு முதல் எழுநூற்றைம்பது கன சென்ரிமீற்றர் வரையான இயந்திரம், சற்று உயர்ந்த அகன்ற கைபிடி, உடலுக்கு நேர் கீழே அமைந்த மிதிபடிகள், தட்டையான இருக்கை என்பன அதன் இலக்கணமாகும். முதுகு நேராக நிற்கும். தலை உயர்ந்திருப்பதால் முன்னே செல்லும் கார்களின் கூரைக்கு மேலால் வீதி தெரியும். பின்னிருப்பவரும் முழங்காலை மார்புவரை மடிக்கவேண்டிய துன்பம் இல்லை. நெரிசலில் வாகன வரிசைகளுக்கு இடையே ஊர்ந்து செல்வது 2025 சனவரி 11 முதல், நடுவே பிரிப்பு உள்ள நெடுஞ்சாலைகளில், நிபந்தனைகளுடன் அனுமதிக்கப்பட்டுள்ளது. அப்போது 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டலாகாது. அத்தருணத்திலும் பருத்த வண்டியைவிட ஒடுங்கிய நடுத்தர வண்டியே கைக்கு அடங்கும்.

கடைக்குச் செல்பவர் முதலில் தமது உடலைக் கொண்டு வண்டியை அளக்கவேண்டும். இருக்கையில் அமர்ந்து இரு பாதங்களையும் நிலத்தில் வைத்துப் பாருங்கள். குதிக்கால் சற்று உயர்ந்திருப்பினும் பரவாயில்லை. முன்பாதங்கள் இரண்டும் உறுதியாகப் பதியவேண்டும். எம்மவருள் உயரம் குறைந்தோர் பலராதலால் இதனை முதல் விதியாகக் கொள்ளல் நன்று. பின்னர் இறங்கி, இயந்திரத்தை இயக்காமலே வண்டியைத் தள்ளிப் பாருங்கள். கைபிடியை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். இருநூறு கிலோ எடையை, மழையில், சரிவான தரிப்பிடத்தில், களைத்த கைகளால் நகர்த்த முடியுமா என்பதே உண்மையான பரீட்சை. துணைவியாரையும் கூட்டிச்சென்று பின்னிருக்கையில் அமர்த்திக் கேளுங்கள். அவருக்கு அச்சம் தரும் வண்டி வீட்டுக்கு உதவாது.

சில வண்டிகளின் பெயர்களைக் குறிப்பிடுவது பயன்தரும். ஹொண்டா நிறுவனம் 2013இல் சி.பி.500 எக்ஸ் என்னும் பெயரில் அறிமுகம் செய்து, 2024 முதல் என்.எக்ஸ்.500 என விற்கும் வண்டி 471 கன சென்ரிமீற்றர் இரட்டை உருளை இயந்திரம் கொண்டது. எடை இருநூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இருக்கையின் உயரம் 83 சென்ரிமீற்றர். அதே நிறுவனத்தின் என்.சி.750 எக்ஸ் சற்றுப் பாரமானதாயினும் இருக்கை தாழ்வானது. பெற்றோல் தாங்கி இருக்கவேண்டிய இடத்தில் தலைக்கவசமோ மரக்கறிப் பையோ வைக்கக்கூடிய பெட்டி அதற்கு உண்டு. சுசுகியின் வி-ஸ்ரோம் 650 பல்லாண்டு காலம் தயாரிக்கப்பட்டதால் பழைய வண்டிச் சந்தையில் எளிதிற் கிடைக்கும்.

எமக்கு நெருக்கமான வேறு சில பெயர்களும் உண்டு. இங்கிலாந்தில் பிறந்த றோயல் என்பீல்ட், 1955இல் மதராசுக்கு வந்து திருவொற்றியூரில் வேரூன்றியது. இங்கிலாந்தில் அந்நிறுவனம் 1970இல் மூடப்பட்ட பின்னரும் தமிழ்நாட்டில் அது வாழ்ந்தது. இன்று சென்னைக்கு அண்மையிலுள்ள ஓரகடம், வல்லம் வடகால் தொழிற்சாலைகளிலிருந்து பிரான்சுக்கும் வருகின்றது. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜி 310 வகை வண்டிகளும், அந்நிறுவனம் 2013இல் ரி.வி.எஸ். நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே, தமிழ்நாட்டின் ஓசூரிற் செய்யப்பட்டவையே. ஜெர்மானியப் பெயர் தாங்கிய வண்டியைத் தமிழ்த் தொழிலாளர் கரங்கள் பூட்டியுள்ளன என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும், மகிழ்ச்சி வேறு, தேர்வு வேறு. றோயல் என்பீல்டின் 350 வண்டி இருபது குதிரை வலு மட்டுமே கொண்டது. ஊர் வீதிகளுக்கு இனிய வண்டியாயினும் ஏ-1 நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓட அது உகந்ததன்று. அங்கு செல்பவர் அதே நிறுவனத்தின் ஹிமாலயன் 450ஐயோ 650 வகைகளையோ பார்ப்பது தகும். தமிழ்நாட்டு வண்டி என்பதற்காக வாங்கவும் வேண்டாம். அதற்காகத் தவிர்க்கவும் வேண்டாம்.

பழைய வண்டி வாங்குவோர், சில்லுகள் பூட்டிக்கொள்ளாமற் தடுக்கும் ஏ.பி.எஸ். பிறேக் உண்டா என்று பார்த்தே வாங்கவேண்டும். 125இற்கு மேற்பட்ட புதிய வண்டிகள் யாவற்றுக்கும் ஐரோப்பாவில் 2017 முதல் அது கட்டாயமாகும். அதற்கு முந்தியவற்றில் இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும். மழை நனைத்த கல் பதித்த வீதியில் அதன் அருமை தெரியும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். கார் ஓட்டும் பி வகை அனுமதிப்பத்திரம் இரண்டு ஆண்டுகள் வைத்திருப்பவர், ஏழு மணி நேரப் பயிற்சியின் பின் 125 வண்டியை ஓட்டலாம். நடுத்தர உந்துருளிக்கு ஏ-2 அனுமதிப்பத்திரம் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியிருத்தல், நாற்பது வினாக்களில் முப்பத்தைந்துக்குச் சரியான விடை, குறைந்தது இருபது மணி நேரப் பயிற்சி, அதன்பின் செய்முறைப் பரீட்சைகள் என்பன அதன் படிகள். அப்பத்திரம் 35 கிலோவாற், அதாவது ஏறத்தாழ 47 குதிரை வலு வரையான வண்டிகளுக்குச் செல்லும். இரண்டு ஆண்டுகளின் பின் மேலும் ஏழு மணி நேரப் பயிற்சி பெற்றாற் பெரிய வண்டிக்கும் உரித்துடையவராகலாம். எமது தேவைக்கு அந்த 35 கிலோவாற்றே போதும் என்பது எமது கருத்து. என்.சி.750 எக்ஸ், வி-ஸ்ரோம் 650 போன்றவற்றை வாங்குவோர், வலு குறைக்கப்பட்ட ஏ-2 வடிவம்தானா என்பதைப் பதிவுப் பத்திரத்திலே பார்த்து உறுதி செய்யவேண்டும்.

ஊரிற் பெற்ற அனுமதிப்பத்திரம் இங்கு என்றென்றும் செல்லும் என எண்ணுவோர் இன்னமும் உளர். ஐரோப்பாவுக்கு வெளியே பெற்ற பத்திரம், இங்கு வதிவிட உரிமை பெற்றதிலிருந்து ஓராண்டு மட்டுமே ஏற்கப்படும். அதற்கப்பால் உரிய அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுவது குற்றம். ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை தண்டனை விதிக்கப்படலாம். காப்புறுதியின்றி ஓட்டுவோருக்கு 3,750 யூரோ வரை அபராதம் உண்டு. பிறருக்கு இதுவெறும் தண்டப் பணம். எமக்கோ, குற்றப் பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு வரியும் நாளை குடியுரிமை விண்ணப்பத்தின்போது முன்னால் வந்து நிற்கும்.

காப்புறுதி தொடர்பாக எமது குடும்பங்கள் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. சட்டம் கட்டாயப்படுத்துவது பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்புறுதியை மட்டுமே. 1985ஆம் ஆண்டு யூலை 5ஆம் திகதிச் சட்டம் பாதசாரியையும் பின்னிருக்கையில் இருப்பவரையும் நன்கு காக்கின்றது. ஓட்டுநரை அவ்வாறு காப்பதில்லை. தம் பிழையால் விழுந்து கால் முறிந்த ஓட்டுநருக்கு, ஓட்டுநர் உடற்காப்பு என்னும் மேலதிகப் பிரிவு அவரது ஒப்பந்தத்தில் இல்லையெனில், காப்புறுதி நிறுவனம் ஒரு சதமும் தராது. குறைந்த கட்டணத்தை மட்டும் பார்த்துக் கையொப்பமிடுவோர் விட்டுவிடுவது இப்பிரிவையே. வண்டி களவுபோனால் இழப்பது பணம். உழைப்பாளி படுக்கையில் வீழ்ந்தால் இழப்பது ஊருக்கு அனுப்பும் பணம், வீட்டு வாடகை, கட்டவேண்டிய சீட்டுக் காசு எல்லாமே. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தைப் பயண விபத்தாகப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்கின்றது என்பதையும், அதனை 24 மணி நேரத்துக்குள் தொழில் வழங்குநருக்கு அறிவிக்கவேண்டும் என்பதையும் வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நண்பர் பெயரில் வண்டி, உறவினர் பெயரிற் காப்புறுதி, ஓட்டுபவர் வேறொருவர் என்னும் வழக்கத்தையும் எம்மவர் கைவிடவேண்டும். தண்டப் பத்திரங்கள் பெயருக்குரியவரைத் தேடிச் செல்லும். ஓட்டுபவரை மறைத்துச் செய்த ஒப்பந்தத்தை நிறுவனம் செல்லாததாக்கலாம். காப்புறுதி இல்லாதவிடத்துப் பாதிக்கப்பட்டவருக்கு அரச சட்டப்படி இயங்கும் உத்தரவாத நிதியம் பணம் செலுத்தும். பின்னர் அப்பணம் முழுவதையும் ஓட்டியவரிடம் அறவிடும். ஒரு இரவின் விபத்து இருபது ஆண்டுக் கடனாக மாறுவது இவ்வழியிலேதான். பழைய வண்டி வாங்கும்போது, இஸ்தோவெக் என்னும் அரச இணையத்தளத்தில் வண்டியின் வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். பதிவுப் பத்திரம், விற்பனைப் பத்திரம், வண்டிமீது தடையேதும் இல்லை என்னும் சான்றிதழ் ஆகியவற்றைக் கையிற் பெறாமற் பணம் கொடுக்கலாகாது. பதிவை ஒரு மாதத்துக்குள் தம் பெயருக்கு மாற்றவேண்டும். உந்துருளிகளுக்கும் 2024 ஏப்ரல் 15 முதல் தொழில்நுட்பப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

வண்டிக்கென ஒதுக்கும் பணத்தை முழுவதுமாக வண்டிக்கே கொடுத்துவிட்டு, வெறுங்கையுடன் ஓட்டுவதைப் போன்ற பேதைமை வேறில்லை. தரச்சான்று பெற்ற தலைக்கவசமும், 2016 நவம்பர் 20 முதல் கையுறையும் சட்டப்படி கட்டாயம். ஒளிரும் மேலங்கியை வண்டியில் வைத்திருத்தலும் கட்டாயம். முழங்கை முழங்காற் காப்புள்ள உடை, கணுக்காலை மூடும் சப்பாத்து என்பன சட்டம் கேளாவிடினும் உடல் கேட்பவை. சுவர் இருந்தாலன்றோ சித்திரம்? வண்டி வாங்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதலில் இவற்றுக்கென எடுத்துவைக்க வேண்டும் என்பது எமது ஆலோசனை. பாரிசினுள் பெற்றோல் வண்டிகளுக்கு 2022 செப்ரெம்பர் முதல் தரிப்பிடக் கட்டணமும் உண்டு. புறநகர்வாசிகளுக்குப் பாரிஸ் குடியிருப்பாளருக்குரிய சலுகை இல்லையாதலால், வேலைத்தலத்தின் அருகே எங்கு நிறுத்துவது என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

பிள்ளைகள் விடயத்தில் நாம் எவ்வித விட்டுக்கொடுப்புக்கும் இணங்கமாட்டோம். இங்கு உந்துருளியில் இருவர் மட்டுமே. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தனியான இருக்கையில் பட்டியிட்டே ஏற்றலாம். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கும் கால் மிதிபடியில் எட்டவேண்டும், அளவான தலைக்கவசம் வேண்டும். பெற்றோல் தாங்கிமேல் பிள்ளையை அமர்த்திய காலம் ஊரோடு போகட்டும்.

இத்தனைக்கும் பின்னர், உந்துருளியே வேண்டாம் என்று கூறுவோரின் குரலையும் நாம் செவிமடுக்கவேண்டும். பிரான்சின் வீதிப் போக்குவரத்தில் இருசில்லு மோட்டார் வாகனங்களின் பங்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு மட்டுமே. ஆனால், வீதியில் உயிரிழப்போரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அவற்றில் சென்றவர்கள். போரில் இருந்து உயிர் தப்பி வந்த மகன் ஒரு வீதித் திருப்பத்தில் மடிந்தான் என்ற செய்தியை எந்தத் தாயும் தாங்கமாட்டாள். ஆதலால் தொடருந்து கிடைக்கும் நேரத்தில் வேலை முடிபவர் தொடருந்திலேயே செல்லட்டும். உறைபனி விழுந்த காலையில் வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். ஆனால் வேறு வழியற்றவரிடம் ‘வேண்டாம்’ என்று கூறுவது எளிது. அவர் வேலையை விடமாட்டார், வண்டியையும் விடமாட்டார். அவருக்கு நல்ல வண்டியைக் காட்டுவதே பொறுப்புள்ள சமூகத்தின் கடமை.

பந்தய வண்டி கேட்கும் இளைஞரிடம் பெற்றோர் சினந்து கத்துவதாற் பயனில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் நிமிர்ந்த நடுத்தர வண்டி, உரிய அனுமதிப்பத்திரம், உன் பெயரிலேயே காப்புறுதி. இவை மூன்றும் உண்டெனில் நாமும் உதவுவோம் என்று நிபந்தனையுடன் கூறலாம். இளமைக்குத் தடையைவிட நிபந்தனை எளிதிற் புரியும். வேலைக்கென வண்டியோட்டக் கற்க விரும்பும் எமது பெண்களுக்கும் இதே ஆதரவு கிடைக்கவேண்டும்.

எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் விழாக்கள் நடத்துகின்றன. அவற்றுக்கிடையே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கினால் என்ன? ஏ-2 பரீட்சையிற் சித்தியடைந்த எம்மவர் ஒருவர் வீதி விதிகளைத் தமிழில் விளக்கட்டும். காப்புறுதிப் பத்திரம் வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் அதன் பிரிவுகளை எடுத்துக் கூறட்டும். ஒரு மண்டபமும் நான்கு மணி நேரமுமே செலவு.

விரலுக்கேற்ற வீக்கம் என்பது எம் முன்னோர் வாக்கு. அயலவர் கண்ணுக்காக வாங்கும் வண்டி அயலவர் பார்க்கும்வரைதான் பெருமை தரும். உடலுக்கும் தொழிலுக்கும் வீதிக்கும் வருவாய்க்கும் ஏற்ப வாங்கும் வண்டி, ஒவ்வொரு நள்ளிரவும் எம்மை வீட்டு வாசலில் இறக்கிவிடும். இவ்வாண்டு வண்டி வாங்க எண்ணியுள்ள குடும்பங்கள், பணத்தை எண்ணுமுன் இவற்றை எண்ணிப் பார்க்குமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.